கீழே கிடக்கும் சண்டைக்காரன்

ஷார்ஜா
14-6-1996

அன்புள்ள எமில்டாவுக்கு,

மாதாவின் தயவால் நான் சுகம். அம்மாவுக்கு இருமல் குறைந்ததா? நம்மூர் கொல்லயிலில் மழை பிடித்துவிட்டதா?

இன்று வெள்ளிக்கிழமை லீவு. அறையில் அமெரிக்காக்காரர்களின் கூண்டுச் சண்டை கேசட் பார்த்தோம். வெள்ளை உடுப்புப் போட்ட ஒரு மெலிந்தவன் மலைபோன்ற ஆட்களை மல்லாந்து கிடந்தே ஜெயிக்கிறான். நம் ஊரில் முதுகு மண்ணில் பட்டால் தோல்வி. அவனோ கனவு காண்பவன்போல் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, மேலே இருப்பவனின் கையைக் கொடியாகச் சுற்றிக்கொள்கிறான். என்னைக் கேட்டால், குத்துகிறவர்களைவிட இவனே பெரிய சண்டைக்காரன். வலி தாங்காதவன் தரையைத் தட்டினால் உடனே விட்டுவிடுகிறார்கள். அதில் ஒரு நாணக்கேடும் இல்லை.

பிறகு என்னோடு அறையில் இருக்கும் ஒற்றசேகரமங்கலத்துச் சோமண்ணன் விளையாட்டாக என்னை அதேபோல் பிடித்தார். "எலே மக்கா, தட்டினா நான் விட்டிருவேன் ஆக்கும்" என்று கெஞ்சியும் நான் தட்டவில்லை. தோள் கொஞ்சம் பிசகியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஊரிலிருந்து யாராவது வந்தால் தோளில் தேய்க்க ஒரு குப்பி முறிவெண்ணெய் கொடுத்துவிடு. அதோடு உன் தலையணை உறை ஒன்றும். துவைக்க வேண்டாம்.

சோமண்ணன் தபால்பெட்டிக்குப் புறப்பட்டுவிட்டார், நிறுத்துகிறேன். சற்றுமுன் கட்டிலில் மல்லாந்து கிடந்து, பலகையை மூன்று முறை மெல்லத் தட்டிப் பார்த்தேன், எமில்டா. யாரும் விடவில்லை.

உன்
றெக்சன்