உனக்கென்று கட்டிய கயிறுகள்

அன்புள்ள அக்கா,

மஸ்கட் வீட்டுவேலையை விட்டுவிட்டு நம் ஊர் ஜம்பியானிக்கே வந்து கடற்பாசி வளர்க்கப்போவதாக எழுதியிருந்தாய். அதைக் கேட்டதிலிருந்து அம்மா நோயில்லாத சிவப்புப் பாசியாகப் பொறுக்கி, உனக்கென்று தனிக் கயிறுகளில் கட்டி வருகிறாள்.

நான் வேலை செய்யும் ஆய்வுக்கூடத்தில், நம் கடல் பாசியில் பரவும் இந்த நோயைத்தான் ஆராய்கிறோம். தண்டில் மிளகு மிளகாக முடிச்சு வரும். பிறகு அந்த இடம் வெளுத்து ஒடிந்துவிடும். நேற்று உன் கயிற்றிலிருந்து ஒரு துண்டு எடுத்துப்போனேன். வெளியே வழவழப்பாகத்தான் இருந்தது. மெல்லியதாகச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தபோது, தோலுக்கடியில் முடிச்சு வேர்விட்டிருந்தது.

இன்று கடல் வற்றியிருந்தபோது அம்மாவிடம் சொன்னேன். பக்கத்துக் கயிற்றிலிருந்து சுவேனா சித்தி சிரித்தாள்.

"அந்தக் கண்ணாடில பாத்தா உன் மூஞ்சிலயும்தான்டி முடிச்சு தெரியும்!"

அம்மா சிரிக்கவில்லை. "மருந்து?"

"இல்லம்மா."

"ஆழத்துல கட்டினா?"

"அங்கயும் கட்டிப் பாத்தாச்சு."

"சரி, அந்த முனையப் பிடி. அவ வந்து நிக்கிறப்ப வெறுங்கடலையா காட்டுவேன்?"

பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய?

அக்கா, உன் எஜமானி இப்போது முன்னைப்போலக் கை நீட்டுவதில்லை என்றால், இன்னும் கொஞ்சகாலம் அங்கேயே இருக்க முடியுமா என்று பார்.

உன் தங்கை