நடவுப் பாட்டின் வெட்டிய துண்டைப் பார்க்க அனுமதி கேட்டு

அனுப்புநர்:
சி. பெரியகருப்பன், வயது 41,
சேவுகம்பட்டி, வத்தலக்குண்டு வழி,
மதுரை ஜில்லா.

பெறுநர்:
உயர்திரு தணிக்கை அதிகாரி அவர்கள்,
திரைப்படத் தணிக்கை அலுவலகம்,
சென்னை.

பொருள்: ‘மருதாணிப் பண்ணை’ என்ற படத்திலிருந்து நீக்கப்பட்ட நடவுப் பாட்டுக் காட்சியை ஒரு தரம் பார்க்க அனுமதி வேண்டுதல் சம்பந்தமாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் விவசாயி. எட்டாம் வகுப்பு வரை படித்தவன். இந்த மனுவை எழுதித் தரும்படி நிலக்கோட்டை தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவரிடம் கேட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரித்துவிட்டார். ஆகையால் நானே எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

1961-ஆம் வருஷம் புரட்டாசி நடவின்போது சென்னைப் படக் கம்பெனியார் எங்கள் ஊர் வயலில் ஒரு பாட்டுக் காட்சி எடுத்தார்கள். கதாநாயகி வரப்பில் பாடிக்கொண்டு போக, பின்னால் எங்கள் ஊர்ப் பெண்கள் நாற்று நட வேண்டும். அதில் என் மனைவி மாயம்மாளும் ஒருத்தி. அன்று நான் தேங்காய்ப் பாரம் ஏற்றிக்கொண்டு கொடைரோடு ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். வீடு திரும்பியதும் அவளுக்குத் தாங்க முடியாத குஷி. “எல்லாரும் குனிஞ்சே கெடந்தாளுக. நான் மட்டும் ஒருக்க நிமிந்து மெசினைப் பாத்துச் சிரிச்சுப்புட்டேன். கொட்டகையில வரும், அப்பப் பாத்துக்கங்க” என்றாள். என்ன சிரிப்பு, காட்டு என்றேன். மாட்டேன் என்றுவிட்டாள்.

அடுத்து வந்த மாசியில் விஷக்காய்ச்சல் கண்டு அவள் இறந்துபோனாள். எங்களுக்குக் குழந்தை இல்லை. அவளுடைய போட்டோவும் இல்லை. போட்டோ பிடித்தால் ஆயுசு குறையும் என்று அவள் தாயார் பிடிவாதம் பிடித்ததால் கல்யாணத்துக்கே போட்டோக்காரரை வைக்கவில்லை. சினிமாவில் பிடித்ததால்தான் மகள் செத்தாள் என்று அந்த அம்மாள் இன்றைக்கும் என்னை ஏசுகிறார்.

தீபாவளிக்குப் படம் திண்டுக்கல்லுக்கு வந்தது. ஊரே வண்டி கட்டிக்கொண்டு போனோம். பாட்டின் தொடக்க வாத்தியம் கேட்டதும் நான் எழுந்தே நின்றுவிட்டேன். பின்னால் இருந்தவர்கள் உட்காரச் சொல்லிக் கத்தினார்கள். அதற்குள் படம் ஒரு குதி குதித்தது. பார்த்தால் கதாநாயகி வீட்டுக்குள் பால் காய்ச்சிக்கொண்டிருக்கிறாள். பாட்டைக் காணோம்.

படம் ஓட்டும் ஆப்பரேட்டர் கஸ்பார் என்பவரைப் போய்க் கேட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார். அந்தப் பாட்டோடு இருந்தால் படத்துக்கு ‘ஏ’ சர்டிபிகேட்தான், பதினெட்டு வயது ஆகாதவர்களை உள்ளே விடக் கூடாது, பிள்ளை குட்டிகளோடு ஜனங்கள் வருகிற ஊர்களில் ‘ஏ’ படம் ஓடாது. ஆகவே கம்பெனியாரே பாட்டை எடுத்துவிட்டு ‘யு’ வாங்கிக்கொண்டார்களாம். வெட்டிய துண்டு தங்கள் அலுவலகத்தில் ஒப்படைக்கப்பட்டிருக்கும் என்றார். பாட்டுக்குக் குற்றம் என்னவென்றால், பெண்களின் சேலை முழங்காலுக்கு மேலே ஏறியிருந்ததாம்.

ஐயா, கோபத்தில் எழுதுகிறான் என்று தாங்கள் நினைக்கலாம். கோபம்தான். சேற்றில் இறங்குகிறவள் சேலையைத் தூக்கிச் செருகாமல் எப்படி நடுவாள்? எங்கள் பிள்ளைகள் வரப்பில் உட்கார்ந்து நாள் பூராவும் பார்ப்பது இதைத்தானே? அதுவும் போக, அதே பாட்டை இலங்கை ரேடியோவில் ஓயாமல் வைக்கிறார்கள். காதுக்கு ஆகிற பாட்டு கண்ணுக்கு மட்டும் ஆகாதா? அதைக் கேட்டும் எனக்குப் பிரயோசனம் இல்லை. பாடுவது யாரோ ஒரு அம்மையார். மாயம்மாள் அதில் இல்லை.

ஊரில் இப்போது வேறு பேச்சு. என் மனைவி ரொம்பவும் ஏற்றிச் செருகியதால்தான் பாட்டே போயிற்று என்று, கூட நட்ட பெண்களின் வீட்டார் சொல்கிறார்கள். செத்தவள் எழுந்து வந்து பதில் சொல்லமாட்டாள் என்ற தைரியம்! அவர்கள் வீட்டுப் படியை நான் மிதிப்பதில்லை, அவர்களும் இங்கே வருவதில்லை. ஒற்றை ஆளுக்குச் சோறு பொங்கி, தொட்டுக்கொள்ள வெஞ்சனம் இல்லாமல் தின்றுவிட்டுப் படுத்துக்கொள்கிறேன்.

பாட்டைப் படத்தில் திரும்பச் சேர்க்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வயது வந்தவர்கள் பார்க்கலாம் என்பதுதானே ‘ஏ’? எனக்கு நாற்பத்தொரு வயது ஆகிறது. அவளுக்குத் தாலி கட்டியவன் நான். அவள் காலைப் பார்த்து நான் கெட்டுப்போக மாட்டேன். ஆகவே அந்தத் துண்டை எனக்கு மட்டும் ஒரு தரம் ஓட்டிக் காட்ட உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். எந்தத் தேதி சொன்னாலும் சென்னைக்கு வந்து சேருவேன்.

விதி இடம் தராது என்றால், தாங்களாவது ஒரு தரம் போட்டுப் பாருங்கள். அவள் இடக்கைக்காரி. வரிசையில் இடது கையால் நாற்றை ஊன்றுகிறவள் அவள் ஒருத்திதான். அவள் நிமிரும்போது எப்படிச் சிரிக்கிறாள் என்று, இத்துடன் வைத்திருக்கும் தபால் கார்டில் எழுதி அனுப்புங்கள். பல் தெரியச் சிரித்தாளா, வாயை மூடிக்கொண்டு சிரித்தாளா, பார்த்தது எதுவோ அதை எழுதினால் போதும். அவள் முகம் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மறந்துகொண்டு வருகிறது, ஐயா. கண்ணை மூடினால் நடை தெரிகிறது, சேலை தெரிகிறது, முகம் மட்டும் வரமாட்டேன் என்கிறது.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
சி. பெரியகருப்பன்

இடம்: சேவுகம்பட்டி
தேதி: 14-2-1963