பதினேழாம் எண்ணுக்கு யார் பதில்?

ஆகஸ்ட் 6, புதன்
மகள் குட்டியின் பள்ளி நோட்டில் இன்றும் 'நன்று'. எழுதியது ஒரு வரி. எட்டு வயதுப் பிள்ளையின் ஒரு வரிக்கு என்ன நன்று? பதில் சொல்ல அவளுக்கு நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். பால் வேண்டுமா என்று கேட்டால், பாலைக் காய்ச்சி இறக்கிய பிறகு "வேணும்" என்பாள். வீட்டில் காத்திருக்கிறோம். பள்ளியில்?

ஆகஸ்ட் 7
நம் கண்ணாடிக் கடையில் நாள் முழுக்கக் கூட்டம். எழுதத் தெம்பில்லை.

ஆகஸ்ட் 12
தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டாள். கொடுக்கப் போனேன். வகுப்பில் வருகை எடுத்துக்கொண்டிருந்தார்கள். "பதினேழு" என்றார் டீச்சர். குட்டியின் எண். அவர் வாயை மூடுவதற்குள் பக்கத்தில் இருந்த ரெட்டைச் சடைக்காரி, "உள்ளேன் டீச்ச்ச்சர்" என்று இழுத்தாள். அடுத்த எண் அவளுடையது. அதற்கும் அதே இழுப்பு. குட்டி தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

எத்தனை நாளாக இப்படி என்று டீச்சரைக் கேட்டேன். "முதல் நாள்லேர்ந்தே சார். நாப்பது பிள்ளைங்க. ஒருத்திக்காகக் காத்துட்டிருந்தா பாடம் எப்போ நடத்துறது? அந்தப் பொண்ணு உதவியாத்தான் செய்யுது."

பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. எல்லாப் பிள்ளைங்களையும் சேர்த்துப் படிக்க வைக்கிறோம்னு வாசல்ல போர்டு வேற! சேர்த்து உட்கார வெச்சிருக்காங்க, அவ்வளவுதான்.

வீட்டில் கொட்டித் தீர்த்தேன். "சிறப்புப் பள்ளி வேண்டாம்னு ஒத்தக் கால்ல நின்னது யாரு?" என்றாள் மனைவி. நான்தான். வேறு யார்.

ஆகஸ்ட் 19
சிறப்புப் பள்ளியைப் பார்த்துவிட்டு வந்தோம். வகுப்புக்கு ஆறே பிள்ளைகள். கேள்வி கேட்டுவிட்டு, பதில் வரும்வரை டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறார். நல்ல இடம்தான். ஆனால் இடைவேளையிலும் சத்தமே இல்லை. ஆளுக்கொரு மூலை. குட்டியின் பள்ளியில் பேச விடமாட்டார்கள், இங்கே பேச ஆளில்லை. ரெண்டையும் சேர்த்து ஒரு பள்ளி நடத்த ஒருத்தருக்கும் துப்பில்லையா?

ஆகஸ்ட் 20
வருகை எடுக்கும்போது மட்டுமாவது காத்திருக்கும்படி தலைமையாசிரியையிடம் கேட்டேன். "ஒருத்திக்குச் செஞ்சா எல்லாரும் கேப்பாங்க சார்." மாற்றுச் சான்றிதழ் கேட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்
சிறப்புப் பள்ளியில் முதல் நாள். என்னைப் பின்னால் உட்கார விட்டார்கள். டீச்சர் குட்டியின் பெயரைச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். அவள் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள். காலி. மறுபடியும் பார்த்தாள். தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம் போல இருந்தது எனக்கு. டீச்சர் அசையவில்லை.

"உள்ளேன் டீச்ச்ச்சர்."

குட்டியின் வாயில் அதே இழுப்பு.

சாயங்காலம் ரெட்டைச் சடையின் வீட்டை விசாரித்துக்கொண்டு போனேன். ஞாயிற்றுக்கிழமை விளையாட அனுப்புவார்களாம்.