உப்பு கேட்கப் படித்த பாஷை

அடியே, நேற்று மத்தியானம் உன் பேத்தி மாங்காய்த் துண்டும் கையுமாய் என் அடுப்படியில் வந்து நின்றாள். உன் மகள் புருஷன் ஊரான மேடானிலிருந்து லீவுக்கு வந்திருக்கிறாள். "நெக், போலே மிந்தா..." என்று இழுத்தது குட்டி. பாட்டி, கொஞ்சம் உப்பு கேட்டுக்கலாமா என்று அர்த்தம். பர்மாவில், நம் பசுந்தாங்கில், இந்தக் கட்டடம் முழுக்க உன் மகளை விட்டால் அந்த இந்தோனேசியம் புரிகிற ஒரே ஆள் நான்தான். எல்லாம் உன்னால் வந்த வினை.

உன் சம்பந்தி வீட்டில் தமிழ் பேரில் மட்டும்தான் மிச்சம். தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை அனுப்பச் சொல்லி உன் வாயால்தான் கேட்க வேண்டும், மாப்பிள்ளையை விட்டுக் கேட்டால் மரியாதை இல்லை என்றாய். துணைக்கு என்னையும் இழுத்து, போனில் அந்தப் பாஷை சொல்லித்தருகிற வகுப்பில் உட்கார வைத்தாய்.

நான் சம்பந்தியாக நடிப்பேன். நீ என்னிடம் உப்பு கேட்க வேண்டும், குடை கேட்க வேண்டும். முதலில் "உப்பு கொடு" என்று நம் வழக்கப்படி கேட்டாய். அது அதிகாரம் பண்ணுகிற மாதிரி இருக்கிறது என்று வாத்தியாரம்மா சிரித்தாள். அவ்வளவுதான், உனக்குள் இருந்த பர்மாக்காரி விழித்துக்கொண்டாள். அடுத்தவருக்குத் தொல்லை கொடுக்கக் கூசுகிற நம் ஊர் 'ஆனாதே' இருக்கிறதே, அது உன் ரத்தத்தில் ஊறியது. மன்னிக்கணும், தயவுசெய்து, தப்பா நினைக்காதீங்க என்று அந்தப் பாஷையில் உள்ள மரியாதையெல்லாம் அடுக்குவாய். "நீ உப்பு கேக்குறதுக்குள்ள கொழம்பே ஊசிப் போயிடும்டி" என்பேன்.

சம்பந்தியம்மாவிடம் வீடியோ காலில் நிஜமாகவே பேசின அன்றும் அதே கதைதான். மழையை விசாரித்தாய், மூட்டுவலியை விசாரித்தாய், மன்னிப்பு மேல் மன்னிப்பு. அந்தம்மா முகம் வெளிறியது, யாருக்கு என்ன ஆச்சோ என்று. எனக்குப் பொறுக்கவில்லை. "கரண்டு போற நேரம்டி, கேளேன்!" என்று தொடையில் கிள்ளினேன்.

"மிந்தா அனாக் சாயா," என்றாய். என் பிள்ளையைக் கேட்கிறேன். ஒரு மரியாதை வார்த்தை இல்லை. சொல்லிவிட்டு அழுதுவிட்டாய்.

அந்தம்மாவும் அழுதாள். "இத்தனை நாளா நீங்க கேக்கவே இல்லையே, பிள்ளை உங்களுக்கு வேண்டாம்போலன்னு நெனச்சுட்டேன்," என்றாள். பதில் சொல்லுமுன் கரண்டு போய்விட்டது. இருட்டில் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது.

பிள்ளை இங்கேதான் பிறந்தது. ஆசை தீரத் தூக்கி வைத்துக்கொண்டாய். போன மழைக்காலத்தில் நீ போய்விட்டாய்.

குட்டிக்கு உப்பைக் கையில் தராமல் தட்டில்தான் வைத்தேன், நம் வழக்கப்படி. அவள் போனதும் சாமி படத்துக்கு முன்னால் நின்று நானும் கேட்டுப் பார்த்தேன், மன்னிப்பு கின்னிப்பு ஒன்றும் இல்லாமல். "மிந்தா தெமான் சாயா." என் தோழியைக் கேட்கிறேன்.

வாசலில் சத்தம் கேட்டுத் திரும்பினேன். காலித் தட்டை நீட்டிக்கொண்டு உன் பேத்தி நின்றாள், இன்னும் கொஞ்சம் வேண்டுமாம்.