பாட்டுக்கு எதிராக ஒரு மொட்டைப் பெட்டிசம்

03.06.2025, செவ்வாய்
இன்றும் பகல் 1.10 முதல் 3.45 வரை பாட்டு. பழைய சினிமாப் பாடல் ஒலிக்காவிட்டால் சுலோஜனாவின் தையல் மெஷின் ஓடாது போலும். இவள் என் மனைவி இலட்சுமிப்பிள்ளையின் காலஞ்சென்ற தங்கையின் மகள். இரு வீட்டுக்கும் இடையில் ஒரு கிடுகு வேலி மட்டுமே. இருமுறை சாடையாகச் சொல்லியாயிற்று. பன்னிரண்டு நாட்களின் நேரங்களைக் குறித்து வைத்துள்ளேன்.

05.06.2025, வியாழன்
கிராம சேவகரான விதானையாருக்கு மனு எழுதி, ‘அயலவர்’ என்று மட்டும் ஒப்பமிட்டு, களுவாஞ்சிக்குடி சென்று தபாலிட்டேன். எங்கள் பெரியகல்லாற்றுத் தபாற்கந்தோரில் என்னை எல்லோரும் அறிவர்.

09.06.2025, திங்கள்
பாட்டு நின்றது.

13.06.2025, வெள்ளி
இலட்சுமிப்பிள்ளைக்குப் பகலில் மீண்டும் நெஞ்சுப் படபடப்பு. கை குளிர்ந்து, வியர்த்து, மூச்சு முட்டுகிறதென்று முற்றத்தில் நடந்தாள். தங்கை இறந்த நாள் முதல் உள்ள வருத்தம். இரண்டு மாதமாகக் குறைந்திருந்ததே?

18.06.2025, புதன்
கிளினிக். இருதயத்தில் கோளாறில்லை, மனப்பதற்றம்தான் என்றார் டொக்டர். இடையில் எப்படிக் குறைந்தது என்று கேட்டார்.
“பக்கத்துல தங்கச்சி மகள் பாட்டுப் போடுவா. கேட்டுக்கிட்டுக் கிடந்தா நெஞ்சு அடங்கிரும். ஆரோ பெட்டிசம் போட்டு நிப்பாட்டிட்டாங்க.”
“பிடிச்ச பாட்டு பதற்றத்தக் குறைக்கும்தான் அம்மா. ஐயா, நீங்க போய்க் கதைச்சுப் பாருங்களன்.”
நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

19.06.2025, வியாழன்
கைத்தொலைபேசியில் புல்லாங்குழல் இசை போட்டுக் கொடுத்தேன். ஐந்து நிமிடத்தில், “நிப்பாட்டுங்க, செத்த வீட்டுல இருக்கிற மாதிரிக் கிடக்கு” என்றாள். சுலோஜனா போடுபவை இவளும் தங்கையும் குமர்ப் பருவத்தில் சேர்ந்து பாடிய பாடல்களாம். நாற்பத்தாறு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் இதை அறியாதவன் நான்.

21.06.2025, சனி
சுலோஜனா வீட்டுக்குப் போனேன். “பாட்டைத் திரும்பப் போடலாமே, பிள்ளை” என்றேன். அவள் மெஷினை நிறுத்தவில்லை.
“ஆரோ பன்னிரண்டு நாளைக்கு நேரம் குறிச்சிருக்காங்க, பெரியப்பா. ஒண்டு பத்துல இருந்து மூணு நாப்பத்தஞ்சு வரைக்குமாம். மணிக்கூடு பாத்துப் பாட்டுக் கேக்கிற ஆள் இந்த ஒழுங்கைக்குள்ள ஆர் எண்டு எங்களுக்கு விளங்காதா?”
அவள் கணவன் ரதீஸ் சிரித்தான். “விதானையாரும் வாசிச்சுப்போட்டுச் சிரிச்சவர், மாமா.”
வேலிப் படலையைச் சாத்திவிட்டுத் திரும்பினேன். இது என் காணியா? மாமியார் தம் இரு பெண்களுக்கும் சீதனமாகப் பிரித்துக் கொடுத்த வளவு. கலியாணம் முடித்து வந்து குடியேறியவன் நான். வளவுக்குரிய பிள்ளையின் வீட்டிலேயே பாட்டை நிறுத்தினேனே — சீ, என்ன மனுசன் நான்.

22.06.2025, ஞாயிறு
பெட்டிசம் போட்டது நானே என்று காலை 7.20க்கு இலட்சுமிப்பிள்ளையிடம் சொன்னேன். மீன் வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.
“என்னட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே.”
அவ்வளவுதான். பிறகு கத்தியை எடுத்தாள்.

24.06.2025, செவ்வாய்
முழுப்பெயர் எழுதி ஒப்பமிட்டு மனுவை மீளப் பெற்றேன். இரண்டு மணிக்குப் பாட்டுக் கேட்டது.

29.06.2025, ஞாயிறு
படபடப்பு ஐந்து நாளாக இல்லை. ஆனால் அவள் நம் வீட்டிலிருந்து கேட்பதில்லை. ஒரு மணிக்கே பாயுடன் அங்கே போய்விடுகிறாள். இன்று தலையணையை மறந்துவிட்டாள், கொண்டுபோனேன். சுலோஜனா படலையில் வைத்தே வாங்கிக்கொண்டாள். “பெரியம்மா இப்பதான் கண்ணயருறா” என்றாள். உள்ளே வரச் சொல்லவில்லை.
பாட்டு முடியும்வரை படலைக்கு வெளியே நின்றேன்.