ஒரு வருடக் கெடு

செப்டம்பர் 16, செவ்வாய்

ரொட்டி வண்டி இன்று கால்மணி நேரம் தாமதம். சந்தில் நின்றபடி நாங்கள் ஐந்து பேரும் வண்டி ஓட்டும் நதீனைத் திட்டித் தீர்த்தோம். வண்டி வந்ததும் ஐந்து பேரும் அவளைப் பார்த்துப் பல்லிளித்தோம். வாரத்துக்கு மூன்று நாள் இந்தச் சந்தில் நடக்கும் ஒரே விசேஷம் இதுதான்.

இந்தப் பிரெஞ்சுக் கிராமத்துக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. இன்னும் ஆறு மாதம். என் வீட்டுக்காரன் டெர்மட்டுக்கு வசதியான மறதி உண்டு, அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்: மார்ச் 14 அன்று நான் 'வேண்டாம்' என்றால், மறுபேச்சில்லாமல் அயர்லாந்து திரும்ப வேண்டும். அந்தப் பேச்சின் பேரில்தான் நான் கப்பல் ஏறினேன். கல் வீடு, கணப்பு, காய்கறித் தோட்டம் எல்லாம் அவன் கனவு. முப்பத்தோரு வருடம் பேருந்து ஓட்டியவன் ஒன்றே ஒன்று கேட்கிறான், கேட்டுவிட்டுப் போகட்டும் என்று வந்தேன்.

மதாம் ஷாஸ்தாங் ஆறு முட்டை கொண்டுவந்து கொடுத்தார். எழுபத்தொன்பது வயது. இந்த வீட்டை எங்களுக்கு விற்றவர். விற்றுவிட்டு, எதிர்ச்சாரியில் இருக்கும் சின்ன வீட்டுக்கு மாறிக்கொண்டார். அவருடைய அடுக்களை ஜன்னல் எங்கள் முற்றத்தைப் பார்த்தபடி இருக்கிறது. நம்மை வேவு பார்க்கிறார் என்கிறான் டெர்மட். பார்த்துக்கொள்ளட்டும், முட்டை அருமையாக இருக்கிறது.

செப்டம்பர் 29, திங்கள்

மழை. பிரெஞ்சு மழையும் நனைக்கத்தான் செய்கிறது.

அக்டோபர் 11, சனி

முற்றத்தின் மூலையில் நின்ற கம்பத்தை டெர்மட் இன்று வெட்டிவிட்டான். பட்டை உரிந்த நெட்டைப் பைன் மரம், கிளை ஒன்றும் கிடையாது. உச்சியில் துருப்பிடித்த தகரப் பலகை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதில் என்ன எழுதியிருந்தது என்று கடவுளுக்கே தெரியாது. பழைய தந்திக்கம்பமாக இருக்கும் என்றான். சாய்ந்துகொண்டே வந்ததும் உண்மைதான். ஒருநாள் நம் கார்மேல்தான் விழும் என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால் பாதிப் பெருமை எனக்கும் உண்டு.

துண்டு போட்டு அடுக்கிவிட்டு, மாலை கணப்பில் முதல் கட்டையை வைத்தான். "நம்ம மரம், நம்ம நெருப்பு!" சின்னப் பிள்ளை மாதிரி ஒரு சிரிப்பு.

மதாம் ஷாஸ்தாங் வீட்டு ஜன்னல் கதவுகள் மதியமே சாத்தப்பட்டுவிட்டன. உடம்புக்கு ஆகவில்லையோ?

அக்டோபர் 14, செவ்வாய்

ரொட்டி வண்டி முன்னால் எல்லோரும் எனக்குக் கை நீட்டினார்கள். வெறும் கை. ஏப்ரல் மாதத்திலிருந்து கன்னத்தோடு கன்னம் வைத்து முத்தமிட்டு வரவேற்றவர்கள், இன்று பாங்க் மேனேஜரிடம் நீட்டுவதுபோல் கையை நீட்டினார்கள். ரொட்டியை வாங்கியதும் கலைந்துவிட்டார்கள்.

அக்டோபர் 23, வியாழன்

முட்டையும் நின்றுவிட்டது. என்ன செய்தோம்? ஞாயிற்றுக்கிழமை புல் வெட்டினோமா — இல்லை. யார் காட்டிலாவது காளான் பறித்தோமா — காளான் என்றாலே டெர்மட்டுக்கு ஆகாது. பின்னே என்ன?

அக்டோபர் 25, சனி

தெரிந்துவிட்டது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

மற்றவர்கள் போகும்வரை காத்திருந்து நதீனைப் பிடித்துக்கொண்டேன். அவள் ரொட்டிகளை அடுக்குவதுபோல் பாவனை செய்தாள்.

"நிஜமாவே தெரியாதா மதாம் ப்ரோனா?"

"தெரிஞ்சா உன்கிட்ட வந்து ஏன் கெஞ்சறேன்?"

"அது மே மரம். ஊர்ல யாரையாவது கவுன்சிலரா தேர்ந்தெடுத்தா, அவங்க வாசல்ல ஊரே சேர்ந்து நடும். கொடி கட்டி, மரியாதைன்னு பலகை எழுதி. அதை யாரும் வெட்ட மாட்டாங்க. தானா மக்கி, தானாதான் விழணும். அது அந்தோனின் ஷாஸ்தாங்குக்கு நட்டது. அவர் போய் நாலு வருஷம் ஆச்சு. அவர் சம்சாரம் மரினெத் காலையில காபி குடிக்கிறதே அதைப் பாத்துக்கிட்டுத்தான்."

நதீன் குரலைத் தாழ்த்தினாள்.

"வெட்டினதுகூடப் பரவாயில்ல மதாம். எரிச்சுட்டீங்களே."

டெர்மட்டிடம் சொன்னேன். கணப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தான். எழுந்து போய் விறகு அடுக்கைப் பார்த்தான். ஒரு கட்டைகூட மிச்சமில்லை.

அக்டோபர் 26, ஞாயிறு

இன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைத்தோம். இரண்டு வாரம் தள்ளி வைக்க வழியிருந்தால் தேவலை.

டெர்மட் சொன்னான்: "நீ சொன்னதுதான் சரி ப்ரோனா. வந்திருக்கவே கூடாது. மார்ச் வரைக்கும் எதுக்கு? கிறிஸ்துமஸுக்கே போயிடலாம்." ஏழு மாதமாக நான் காத்திருந்த வார்த்தை இது. கேட்டதும் சந்தோஷம் வரவில்லை. ஏன் வரவில்லை?

நவம்பர் 4, செவ்வாய்

போனேன். கையில் எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. கேக் கொடுத்து ஆற்றுகிற விஷயமா இது?

மதாம் ஷாஸ்தாங் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை. மனப்பாடம் செய்துகொண்டு போன மூன்று வாக்கியங்களையும் ஒப்பித்தேன். மூன்றாவதில் அழுதுவிட்டேன். வெங்காயத்தின் மேல் பழி போடலாம்தான், ஆனால் இது என் டயரி, இங்கே பொய் எதற்கு?

"மன்னிச்சுட்டேன்னு சொன்னா அது பொய்," என்றார். "ஜன்னல்ல நின்னா அங்க ஒரு ஓட்டை தெரியுது."

"தெரியும் மதாம்."

"உங்களுக்குத் தெரியாது." நறுக்குவதை நிறுத்தினார். "நல்லா எரிஞ்சுதா?"

"நல்லா எரிஞ்சுது," என்றேன்.

"பரவாயில்லையே. ஆறு வருஷம் கவுன்சிலரா இருந்தாரு, ஒருத்தனுக்கும் ஒரு உபயோகமும் இல்ல. கடைசியில உங்களையாவது குளிர்காய வெச்சிருக்காரு." இதைச் சொல்லிவிட்டு அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கத்தியை என் பக்கம் நீட்டினார். "பைன் கட்டைய கணப்புல வெப்பாங்களா யாராவது? புகைபோக்கி முழுக்கப் பிசின் ஒட்டியிருக்கும். ஆளைக் கூப்பிட்டுச் சுத்தம் பண்ணுங்க, வீடே எரிஞ்சிடப்போகுது. ஆமா, வெட்டின மனுஷன் ஏன் வரல?"

"வெட்கப்படறார் மதாம்."

"வெட்கப்பட்டு உள்ளயே உக்காந்திருந்தா நான் என்ன பண்றது? வெட்டினவர் வாயால கேக்கணும்."

நவம்பர் 6, வியாழன்

புகைபோக்கி சுத்தம் செய்தாகிவிட்டது. பிசின் ஒரு வாளி.

டெர்மட்டிடம் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறேன். போகிறேன், நாளைக்குப் போகிறேன் என்கிறான்.

டிசம்பர் 11, வியாழன்

நாளை நாளை என்று ஐந்து வாரம் ஓடிவிட்டது. கிறிஸ்துமஸுக்குப் போகிற பேச்சை நான் தட்டிக் கழித்துவிட்டேன். மார்ச் என்றால் மார்ச்தான்.

டெர்மட் வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை. ரொட்டிக்கு நான், தபாலுக்கு நான், குப்பைக்கும் நான். யாராவது கதவைத் தட்டினால் மாடிக்கு ஓடிவிடுகிறான். ஆறடி மனிதன்.

நானோ வியாழன்தோறும் ஊர் மண்டபத்தில் சீட்டாடுகிறேன். மரினெத்தான் என் ஜோடி. (இப்போது 'மதாம்' கிடையாது, மரினெத்.) தப்பான சீட்டைப் போட்டால் மேஜைக்கடியில் காலால் உதைக்கிறார். இன்று நான்கு உதை. கன்னமும் திரும்பக் கிடைத்துவிட்டது, ஆளுக்கு இரண்டு.

எனக்குப் பிடிக்காத ஊரில் எனக்கு இடம் கிடைத்துவிட்டது, பிடித்தவனுக்குப் போய்விட்டது. யாரிடம் சொல்லிச் சிரிப்பது?

ஜனவரி 18, ஞாயிறு

மேயரின் புத்தாண்டுக் கூட்டம். பாதாம் வைத்த வட்டக் கேக், ஆப்பிள் மது, ரொம்ப நீளமான பேச்சு. டெர்மட் வரவில்லை, தலைவலியாம்.

கேக்குக்கு நடுவில் மேயர் தெலோர் என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். மார்ச்சில் ஊராட்சித் தேர்தல். இந்த முறை சட்டம் மாறிவிட்டதாம், பட்டியலில் ஆணும் பெண்ணும் மாறிமாறி வரவேண்டும். ஒரு பெண் குறைகிறது.

"நீங்க அயர்லாந்து, ஐரோப்பியர்தானே, தாராளமா நிக்கலாம். வாக்காளர் பட்டியல்ல பேர் கொடுத்தாச்சுன்னு ஆபீஸ்ல சொன்னாங்க."

"எனக்கு உங்க பேச்சே பாதி புரியாது முசியே."

"கவுன்சில்ல பேசறது எனக்கே பாதிதான் புரியும். ஆறு வருஷம் ஓடிடும்."

ஆறு வருஷம்! சிரித்துவிட்டேன். வீட்டுக்கு நடந்து வரும்போது சிரிப்பு நின்றுவிட்டது. மண்டபத்தின் கூரை ஒழுகுவது, ரொட்டி வண்டியை நிறுத்தப்போவதாக வந்திருக்கும் பேச்சு, இப்படி வழியெல்லாம் பட்டியல் போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன்.

ஜனவரி 20, செவ்வாய்

சண்டை. முப்பத்து நான்கு வருடத்தில் இப்படி ஒன்று போட்டதில்லை. தேர்தலில் நிற்கட்டுமா என்று டெர்மட்டிடம் கேட்டேன், அவ்வளவுதான்.

"ஒரு வருஷம்னு சொன்னது யாரு? நீ! கப்பல்ல ஏறும்போதே நாள் எண்ணினவ நீ!"

"ஆமா, எண்ணினேன். இப்ப எண்ணல. அது ஒரு குத்தமா?"

"அந்த அம்மா முகத்துல என்னால முழிக்க முடியாது ப்ரோனா."

அதான், அதுதான் விஷயம். வாயைத் தொறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தா நவம்பர்லயே முடிஞ்சிருக்கும். கல்லு மாதிரி உக்காந்திருக்கான். இந்த மனுஷனை இழுத்துக்கிட்டுப் போறதா, விட்டுட்டு இருக்கறதா, எனக்கு ஒண்ணும் புரியல.

பிப்ரவரி 12, வியாழன்

வேட்புமனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

மண்டபத்தில் ஒரே கேலி. "ஜெயிச்சா உங்க வாசல்ல மரம் நட மாட்டோம் மதாம், வீட்டுக்காரர் கோடாலியத் தீட்டிக்கிட்டு நிப்பாரு!" எல்லோரும் சிரித்தார்கள், மரினெத்தும்தான். நானும் சிரித்தேன், பாதி மனசோடு.

டெர்மட் கத்தவில்லை. மார்ச் 17-க்குக் கப்பல் டிக்கெட் எடுத்திருக்கிறான். ஒரே ஒரு ஆளுக்கு. தங்கையைப் பார்த்துவிட்டு வருகிறானாம். திரும்பி வருகிற தேதி போடவில்லை.

மார்ச் 14, சனி

கெடு நாள். இன்று அவன் கேட்க வேண்டும், நான் பதில் சொல்ல வேண்டும். அவன் பெட்டி கட்டிக்கொண்டிருந்தான், நான் சட்டை மடித்துக் கொடுத்தேன். கேள்வியும் இல்லை, பதிலும் இல்லை.

இந்த ஒரு வருடத்தைத் திரும்பிப் பார்க்கிறேன். நான்கு கிலோ கூடியிருக்கிறேன், எல்லாம் வெண்ணெய். மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டுவரை உலகம் அழிந்தாலும் எந்தக் கடையும் திறக்காது என்று கற்றுக்கொண்டேன். கெட்ட வார்த்தைகள் முப்பது, முப்பதும் சீட்டு மேஜையில் பிடித்தவை. இந்த ஊருக்கு வர எனக்கு விருப்பமில்லை. இப்போது போக விருப்பமில்லை. அவனில்லாமல் இருக்கவும் விருப்பமில்லை. மூன்றும் உண்மை.

இதுவரை எழுதிவிட்டு மூடி வைத்திருந்தேன். நாலு மணிக்குக் கதவு தட்டும் சத்தம். டெர்மட் மாடிப்படிக்கு ஓடுவதற்குள் மரினெத் உள்ளே வந்துவிட்டார். வீட்டை விற்ற பிறகு வாசற்படி தாண்டி உள்ளே வந்தது இன்றுதான்.

"நாளைக்கு ஓட்டு எண்ண ஒரு ஆள் குறையுது, முசியே. உங்களுக்குப் படிக்கத் தெரியுமில்ல?"

"தெ... தெரியும் மதாம்."

"ஆறு மணிக்கு வாங்க. சட்டையை இஸ்திரி போட்டுக்குங்க."

பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டார்.

மார்ச் 15, ஞாயிறு

கட்டிய பெட்டியைப் பிரித்து நல்ல சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தான். அவனை மேஜையில் உட்கார வைத்தார்கள். ஒருவர் உறையைப் பிரிப்பார், டெர்மட் சீட்டை வாங்கிச் சத்தமாகப் படிப்பான், இன்னும் இரண்டு பேர் கோடு போடுவார்கள். இருப்பது ஒரே பட்டியல், அதனால் ஒவ்வொரு சீட்டுக்கும் அவன் "தெலோர் பட்டியல்" என்று மட்டும் சொல்ல வேண்டும். அவன் நாக்கில் மேயரின் பெயர் படாத பாடு பட்டது. நாற்பதாவது சீட்டுக்கு மேல் மண்டபமே அவனோடு சேர்ந்து கத்த ஆரம்பித்துவிட்டது.

எண்பதோ என்னவோ ஆகியிருக்கும். ஒரு சீட்டில் கையால் ஏதோ எழுதியிருந்தது. டெர்மட் பள்ளிப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு வார்த்தையாகக் கூட்டிப் படித்தான். "அந்தோனின்... மரத்தை எரிச்சவன்... பொண்டாட்டிக்கு... என் ஓட்டு... கிடையாது." கடைசி வார்த்தைக்கு வந்தபோதுதான் அவனுக்கே அர்த்தம் புரிந்தது.

எழுந்து ஓடிவிடுவான் என்றுதான் நினைத்தேன்.

அவன் சீட்டை மேஜைமேல் வைத்தான். "செல்லாத ஓட்டு," என்றான். "ஆனா எழுதினது நிஜம். எரிச்சது நான்தான், அவ இல்ல." முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மரினெத்தைப் பார்த்தான். முகம், காது எல்லாம் சிவந்துவிட்டது. "என்னை மன்னிச்சுடுங்க மதாம். தெரியாம செஞ்சேன். தெரிஞ்சப்புறம் வந்து கேக்கல, அது அதைவிடப் பெரிய தப்பு."

மரினெத் கைப்பையை மடியில் சரிசெய்துகொண்டார்.

"பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கல, முசியே."

மண்டபம் குலுங்கிச் சிரித்தது. டெர்மட் எழுந்து நின்று, முதலிலிருந்து கடைசிவரை இன்னொரு முறை சொன்னான், பேருந்தில் கடைசி இருக்கைவரை கேட்கும்படி கத்தும் அந்தக் குரலில். மரினெத் தலையை ஒருமுறை ஆட்டினார். "சரி. அடுத்த சீட்டைப் படிங்க, பசிக்குது."

பதிவான ஓட்டு நூற்றுப் பதினெட்டு, செல்லாதது ஏழு. நான் கவுன்சிலர்.

ஒரு வாய் குடித்துவிட்டு வருகிறேன் என்று அவர்களோடு போனான், பத்தே நிமிடமாம். சூப்பை இரண்டு முறை சூடு பண்ணியாயிற்று. இன்னும் வரவில்லை. கோபப்பட்டுப் பார்க்கிறேன், முடியவில்லை.

மார்ச் 16, திங்கள்

எழுந்ததும் தலையைப் பிடித்துக்கொண்டே கப்பல் கம்பெனிக்கு போன் செய்து டிக்கெட்டை ரத்து செய்தான். ஏன் என்று நான் கேட்கவில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு மரினெத் கூப்பிட்டிருக்கிறார், இரண்டு பேரையும். சாப்பிட்டுவிட்டு ஒரு மணிக்குள் திரும்பிவிடலாமா, தோட்டத்தில் வேலை இருக்கிறது என்று டெர்மட் கேட்கிறான். இந்த ஊரில் ஒரு சாப்பாடு எத்தனை மணி நேரம் என்று ஒரு வருடத்தில் இவனுக்கு இன்னும் தெரியவில்லை. போகட்டும், ஆறு வருடம் இருக்கிறது, கற்றுக்கொள்வான்.