கடற்கரைப் பக்கக் கோலுக்குப் பின்னால்

கோலுக்குப் பின்னால் நின்று ஊரையே கலகலப்பாக்கிய என் அன்பு அம்மாவுக்கு,

சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிண்ணம் எங்களுக்குத்தான், ஒன்றுக்குப் பூச்சியம். ஆனால் நான் எழுத உட்கார்ந்தது கிண்ணத்துக்காக அல்ல, உங்கள் இடத்துக்காக. போன மாதம் அது கையை விட்டுப் போகப் பார்த்தது.

இந்தக் கடிதத்தை எங்கள் உதைபந்தாட்டக் கழக மலரில் போடப்போகிறார்களாம். வெளியூர்க்காரரும் வாசிப்பார்கள் என்பதால், உங்களுக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் எழுத வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மைதானத்துக்கு வேலி இல்லை. சனம் வெள்ளைக் கோட்டில்தான் நிற்கும். ஒரு கோல் கோயில் பக்கம், மற்றது கடற்கரைப் பக்கம். அந்தக் கடற்கரைப் பக்கக் கோலின் வலைக்குப் பின்னால் நீங்களும் பிலோமினா அன்ரியும் மற்றப் பெண்களும் நிற்பீர்கள். மீன் வேலை முடிந்து, கை கழுவி, நேரே மைதானத்துக்கு. நாணயச் சுழற்சியில் வென்றால் எங்கள் தலைவன் முதல் பாதிக்கு அந்தக் கோலைத்தான் கேட்பான். அப்போதுதானே இரண்டாம் பாதியில் எதிரணிக் கோல்காப்பாளர் உங்கள் வாய்க்கு நேரே வந்து நிற்பான்.

உங்கள் பகிடிக்கும் சட்டம் உண்டு: கெட்ட வார்த்தை கிடையாது. இறந்தவரை இழுக்கக் கூடாது, வீட்டுக் கஷ்டத்தைத் தொடக் கூடாது. முறை சொல்லித்தான் கூப்பிட வேண்டும். 'தம்பி, கையுறை பெரிசாக் கிடக்கு, கொப்பரின்ரையோ?' என்று அப்பாவை இழுத்து நீங்கள் கேட்க, அரியாலைப் பக்கத்துப் பெடியன் ஒருவன் பந்தை விட்டுவிட்டுக் கையுறையைப் பார்த்தது இன்றைக்கும் ஊரில் கதை. ஆட்டம் முடிந்ததும் அவனுக்கு முதல் தேத்தண்ணி உங்கள் கையால்தான். எத்தனை பேச்சுக் கேட்டானோ அத்தனை சீனி.

ரெஜியும் அப்படித்தான் எங்கள் வீட்டுக்கு வந்தான். பருத்தித்துறைப் பக்கத்து அணியின் கோல்காப்பாளர். தங்கை டிலானிக்கு அவனைப் பேசி வந்தபோது நான் அவன் வேலையை விசாரித்தேன், சித்தப்பா குடும்பத்தை விசாரித்தார். நீங்கள் ஒன்றும் விசாரிக்கவில்லை.

"அவனை எனக்குத் தெரியும். மூண்டு வருசம் முதுகுக்குப் பின்னாலை நிண்டு கதைச்சிருக்கிறன். கோவிக்கவும் இல்லை, திரும்பிப் பாக்கவும் இல்லை. குடுக்கலாம்" என்றீர்கள். தங்கையின் கலியாணம் அந்த ஒரு பேச்சில் முற்றானது.

எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துவிட்டான். ஆனால் ஆட்டமென்றால் பிறந்த ஊருக்குத்தான். காலையில் எங்கள் குசினியில் புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டுவிட்டு, பின்னேரம் எங்களுக்கு எதிராகக் கோலில் நிற்பான். அந்த வருடம் அவன் வந்து நின்றபோது நீங்கள் வாயே திறக்கவில்லை. மருமகனை எப்படிப் பகிடி பண்ணுவது என்று மரியாதைக்காக நின்றீர்கள். அடுத்த போட்டி வருவதற்குள் நீங்கள் காலமாகிவிட்டீர்கள்.

இந்த வருடம் பெண்கள் வந்தார்கள், நின்றார்கள், கதைக்கவில்லை. பிலோமினா அன்ரியிடம் கேட்டேன். நீங்கள் போய் ஓராண்டு முடியவில்லை, அதோடு பருத்தித்துறை அணி வந்தால் கோலில் நிற்பவன் உங்கள் மருமகன், எப்படி வாய் வரும் என்றார். அரையிறுதி வரை அப்படியே போனது. கழகத் தலைவர் மரியதாஸ் அங்கிள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். லண்டனில் இருக்கும் எங்கள் ஊர்ப் பெடியள் அனுப்பிய ஒலிபெருக்கிப் பெட்டிகள் கையில் இருந்தன. சும்மா நிற்கிற இடம்தானே, பெட்டிகளை அங்கே வைப்போம் என்றார். சோளகக் காற்று கடலிலிருந்து அடிக்கிறது, சத்தம் கோயில் வரைக்கும் போகும் என்றார். தொழில்நுட்பமாகப் பார்த்தால் அவர் சொன்னது சரி. மைதானத்துக்கு ஒலியும் ஒளியும் பார்க்கிறவன் நான்தான் என்பதால் என்னையே பொருத்தச் சொன்னார்.

நானும் மறுக்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன். கட்டாரில் நான் வேலை செய்தது ஒரு பெரிய மைதானத்தின் ஒலி அமைப்பில் என்று உங்களுக்குத் தெரியும். அங்கே சனம் ஆர்ப்பரித்தால் இரும்புத் தூண் அதிரும், நெஞ்செலும்பு அதிரும். ஒருவன் கையில் ஒலிவாங்கியோடு ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி நிற்பான். கடைசிவரை அவன் பந்தைப் பார்க்கமாட்டான். அவன் கை தூக்கினால் ஒரு பகுதி முழுக்க ஒரே பாட்டு, கை இறக்கினால் ஒரே அமைதி. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் எங்கள் இருக்கையிலிருந்து கோல்காப்பாளர் ஒரு புள்ளி. அவன் கல்யாணம் கட்டினவனா, காலையில் சாப்பிட்டானா, ஒருவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளத் தேவையும் இல்லை.

கொழும்பிலும் பார்த்தேன். அங்கே எக்காளமும் மேளமும் கலந்த பப்பரே வாத்தியம். பந்து எந்தப் பக்கம் போனாலும் பாட்டு நிற்காது. கோல் விழுந்ததைப் பாட்டுக்கு ஆடுகிற சனம் பிறகுதான் அறியும். அதுவும் நல்ல சந்தோசம்தான். பிழை சொல்லவில்லை.

சரி, ரெஜியின் அணியோடு நாங்கள் ஆடிய இறுதிப் போட்டிக்கு வருகிறேன். பெட்டிகளை வலைக்குப் பின்னால் அடுக்கி, வெளிநாட்டு மைதானத்தில் பதிவான மேளத்தையும் கோசத்தையும் போட்டேன். பெண்களைக் கயிறு கட்டி ஒரு கரையில் ஒதுக்கிவிட்டார்கள். கைபேசியில் சத்தத்தை அளந்து பார்த்தேன், கட்டாரை எட்டிப்பிடித்துக்கொண்டிருந்தது. ஆனால் சனம் பஸ்ஸுக்குக் காத்து நிற்பதுபோலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. பக்கத்தில் நிற்பவனோடு வாதாட முடியவில்லை. கோட்டு நடுவருக்குக் கண் தெரியாதென்று அவருக்கே கேட்கும்படி சொல்ல முடியவில்லை. இத்தனை சத்தத்துக்கு நடுவில் ஊர் ஊமையாகிவிட்டது. எனக்கு எரிச்சல் வந்தது. அளவுமானி பிழையா, நான் பிழையா?

இடைவேளை முடிந்து ரெஜி கடற்கரைப் பக்கக் கோலுக்கு வந்தான். பெட்டி அவன் பிடரிக்குப் பின்னால். நேரே என் மேசைக்கு நடந்து வந்தான்.

"மச்சான், உந்தப் பெட்டியை நிப்பாட்டு. எனக்குப் பின்னாலை ஆக்கள் நிக்கோணும்."

"விசரா, அவை உனக்கு எதிராக் கத்தத்தானே நிக்கிறவை."

"ஓம், எனக்குத் தெரியாதோ? மாமி வாய் திறக்காத ஆட்டத்திலைதான் எனக்கு மூண்டு கோல் போனது. பின்னாலை சத்தமில்லாட்டி நான் எங்கை நிக்கிறன் எண்டே தெரியுதில்லை."

பிளக்கைப் பிடுங்கினேன். மரியதாஸ் அங்கிள் தூரத்தில் நின்று கையைக் கையை ஆட்டினார். பியூஸ் போய்விட்டதென்று நானும் கையாலேயே சொன்னேன். அவருக்கு மின்சாரம் தெரியாதது எவ்வளவு வசதி!

பெண்கள் கயிற்றைக் குனிந்து கடந்து உங்கள் இடத்துக்கு வந்தார்கள். ஆனாலும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆட்டம் தொடங்கிவிட்டது. ரெஜி பந்தைப் பார்த்தபடியே, திரும்பாமல், செத்த வீட்டுக்கோ வந்தனியள் என்று கேட்டான். கேட்டவனும் துக்க வீட்டுக்காரன்தானே.

பெண்களுக்குள் நின்ற டிலானி கம்பத்தருகே போய், வீட்டில் புருசனைக் கூப்பிடுகிறதுபோலவே கூப்பிட்டாள்.

"இஞ்சரப்பா, அந்தக் காற்சட்டையைத் தோய்க்கப் போடச் சொன்னனானெல்லே? அதையே போட்டுக்கொண்டு ஊருக்கு முன்னாலை நிக்கிறியள்."

பிலோமினா அன்ரி முதலில் சிரித்தார். பிறகு அவரும் தொடங்கினார். காற்சட்டையில் தொடங்கியது ரெஜியின் குறட்டைக்குப் போய், அவன் சுட்ட தோசைக்கு வந்தது. சுற்றி நின்ற சனத்தின் வாயும் அவிழ்ந்துவிட்டது. நடுவருக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுக்க ஆள் சேர்ந்தது. பருத்தித்துறையிலிருந்து வந்த பெடியள் எதிர்ப்பாட்டுக் கட்டினார்கள். அளவுமானியைப் பார்க்க மறந்துபோனேன்.

முடிவுக்குக் கொஞ்சம் முன்னதாக எங்களுக்குத் தண்ட உதை கிடைத்தது. உங்கள் காலத்து வழக்கப்படி எல்லோரும் அடங்கி, ஒருவர் மட்டும் பேசும் நேரம். எல்லோரும் டிலானியைப் பார்த்தார்கள்.

"இஞ்சரப்பா, வலப்பக்கம் பாயாதேங்கோ. நேற்று உளுக்கின தோள். இரவுக்கு நான் எண்ணெய் பூச மாட்டன்."

எங்கள் பெடியன் அதை நம்பி ரெஜியின் வலப்பக்கமே அடித்தான். ரெஜிக்குத் தோளில் உளுக்கும் இல்லை, சுளுக்கும் இல்லை. அது பச்சைப் பொய் என்று, சொன்னவளைத் தவிரத் தெரிந்த ஒரே ஆள் அவன்தான். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்துப்போட்டான். பாய்ந்தான்தான், ஆனால் பிந்திவிட்டது. கோல்.

அதன்பிறகு நடந்தது உங்களுக்குப் பிடித்திருக்காது. பெண்சாதிக்கு விட்டுக் கொடுத்திட்டான் என்று அவன் ஊர்க்காரர் கோட்டைத் தாண்டி வந்தார்கள். டிலானியின் முகம் செத்துவிட்டது. ரெஜி கையுறையை இறுக்கினான். கடைசி நிமிடங்களில் எங்கள் ஆள் தனியே வந்து அடித்ததைத் தட்டினான். திரும்பி வந்ததை முகத்தாலேயே மறித்தான். மூக்கிலிருந்து இரத்தம். கோட்டைத் தாண்டி வந்தவர்கள் தாங்களாகவே பின்னால் போனார்கள். பொண்டாட்டிக்கு விட்டுக் கொடுப்பவன் மூக்கைக் கொடுப்பானா?

சிரித்தது தற்செயலா, கொஞ்சம் விட்டுக்கொடுத்தானா என்று நான் கேட்கவில்லை. நீங்கள் நின்றிருந்தால் முதுகைப் பார்த்தே சொல்லியிருப்பீர்கள்.

முதல் தேத்தண்ணியை டிலானி கொண்டுபோய்க் கொடுத்தாள். குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான். அவ்வளவு சீனி. ரெஜியின் அம்மா பஸ் ஏற முதல் டிலானியிடம் வந்து, அடுத்த ஆட்டம் எங்கடை ஊரிலை, நீயும் உன்ரை ஆக்களும் வந்து கத்தோணும், எங்கடை பெண்டுகள் பழகட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கழகக் கூட்டத்தில் மரியதாஸ் அங்கிள் பியூஸைப் பற்றிக் கேட்டார். நானே பிடுங்கினேன் என்று சொன்னேன். பெட்டிகளைக் கோயில் மதில் பக்கம் வைத்து அறிவிப்புக்கு மட்டும் பாவிக்கலாம், வலைக்குப் பின்னால் இனி நான் வயர் இழுக்கமாட்டேன், வேண்டுமென்றால் வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். வேறு ஆள் இல்லை என்பது அவருக்கும் தெரியும். முறைத்துவிட்டு, உன்ரை கொம்மாவின்ரை வாய் அப்பிடியே உனக்கு என்றார். கோபத்தில் சொன்னாரா, சந்தோசத்தில் சொன்னாரா தெரியவில்லை. நான் சந்தோசமாகவே எடுத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் உங்கள் ஆண்டுத் திருப்பலி. அது முடிந்த கிழமை பருத்தித்துறை ஆட்டம். போய்வர வாடகைக்கு வான் ஒன்று பேசிவிட்டேன். பிலோமினா அன்ரிக்கு முன் இருக்கை, இல்லாவிட்டால் வழியெல்லாம் வயிறு புரட்டிச் சத்தி எடுப்பார். அம்மா, ஒரு வாக்குத் தருகிறேன். ரெஜி எந்த ஊர்க் கோலில் நின்றாலும் அவனுக்குப் பின்னால் எங்கள் வீட்டு ஆள் ஒருவராவது நின்று அவனைப் பேசுவோம். டிலானிக்கு ஏலாத நாளில் நான் போவேன். எனக்குப் பகிடி வராது, தெரியும். பழகிக்கொள்கிறேன்.

உங்கள் மூத்தவன்,
டிலானியின் அண்ணன், ரெஜிக்கு மச்சான்